வந்தவாசிக் கடையில் கூட்டம் இருந்ததா?

ஆரணி
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை ஹேமநாத் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் குமரேசன் ஆரணியிலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை கற்பகமும் சுகமாக இருக்கிறோம். என் முட்டிவலியும் அதன் அளவில் சுகமாக இருக்கிறது. நீங்களும் பானுவும் சுகம் என்று பானு தினமும் போனில் சொல்லிவிடுகிறாள். இருந்தாலும் கடிதத்தில் கேட்காமல் விட்டால் மரியாதையாக இருக்காது என்பதால் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். பெங்களூரில் மழை என்று டிவியில் சொன்னார்கள். ஆபீஸ் போகும்போது குடை எடுத்துப் போகவும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீங்கள் நினைக்கலாம். போனில் நான் "சாப்டீங்களா மாப்ள" என்பேன், நீங்கள் "ஆச்சு மாமா, நீங்க" என்பீர்கள், நான் "ஆச்சு" என்பேன். அதற்குப் பிறகு பானு போனை வாங்குகிற வரைக்கும் நாம் இருவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்போம். ஒரு விஷயத்தைச் சொல்ல அது இடமில்லை. மேலும் பானு, "அவர்கிட்ட ஷேரப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதீங்கப்பா" என்று உத்தரவு போட்டிருக்கிறாள். கடிதத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. ஆகவே அவள் சொல்லை மீறியதாகாது.

விஷயம் மாந்தளிர் டெக்ஸ்டைல்ஸ் பற்றியது. போன பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தபோது, உங்கள் அத்தை இரண்டாவது வடையை உங்கள் இலையில் வைக்கிற நேரத்தில், "மாந்தளிர் நல்ல ஸ்டாக் மாமா, சின்ன ஊர்ல எல்லாம் கடை திறக்கறான், லாங் டெர்ம்ல பாக்கலாம்" என்று சொன்னீர்கள். குறை சொல்வதற்காக இதை ஞாபகப்படுத்தவில்லை. மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் நம் வீட்டில் கிடையாது. உங்கள் அத்தை சொல்வாள், அதையெல்லாம் நான் உங்களுக்கு எழுதமாட்டேன். நான் சொல்ல வந்தது என்னவென்றால், நீங்கள் ஊருக்குக் கிளம்பிய மறுநாளே நான் மாந்தளிரை வாங்கினேன். வாங்கியதோடு நிற்காமல், என் நூல் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், நானே உட்கார்ந்து ஆராய்ந்து பார்த்துக் கண்டுபிடித்த மாதிரி அதைப் பற்றிப் பேசவும் ஆரம்பித்தேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவனுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, மாப்பிள்ளை. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற துரைக்கண்ணு வாங்கினார். பட்டு வியாபாரி சிவகுமார் வாங்கினார். அதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். பக்கத்து வீட்டுப் பழனியும் வாங்கினான்.

பழனியை உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறும்போது உங்கள் சித்தப்பா மேல் ரசத்தைக் கொட்டியவன். கைத்தறியில் பட்டு நெய்கிறவன். அவன் மகள் சரண்யா நர்சிங் படிக்கிறாள். அவளுடைய இரண்டாம் வருஷ ஃபீஸுக்கு என்று போஸ்டாபீசில் போட்டு வைத்திருந்ததைத்தான் எடுத்துக்கொண்டு வந்தான். "ணா, ஆடி வரைக்கும் இது சும்மாதான கிடக்கும், நீ போட்ட எடத்துலயே போட்டுக் குடு" என்றான். நான்தான் அவன் போனில் கணக்குத் திறந்து கொடுத்தேன். அவன் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தவும் செய்தேன்.

இப்படி இருக்கும்போதுதான், இரண்டு வாரத்துக்கு முன்னால் எக்ரெட் பாயின்ட் ரிசர்ச் என்கிற வெளிநாட்டுக்காரன் மாந்தளிரைப் பற்றி அறிக்கை விட்டான். எக்ரெட் என்றால் கொக்காம். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அவனுக்குக் கொக்கு என்றே பெயர். அறுபது பக்கத்துக்கு மேல். நாங்கள் அதைப் போனில் போட்டுத் தமிழாக்கிப் படித்தோம். போன் செய்த தமிழில் பாதி புரியவில்லை, புரிந்த பாதி இதுதான். மாந்தளிர் கடைகளில் ஈ காக்கை இல்லை, வந்தவாசிக் கடைக்குக் கொக்கின் ஆள் நேரில் போய்ப் பார்த்தான், விற்பனைக்கு நிற்கிறவர்கள்தான் இருந்தார்கள், வாங்குகிறவர்கள் இல்லை. ஒரே சரக்கை லாரியில் ஏற்றித் தங்களுடைய கம்பெனிகளுக்குள்ளேயே சுற்றவிட்டு விற்றதாகக் கணக்கு எழுதுகிறார்கள். கணக்கைச் சரிபார்க்கிறவரின் ஆபீஸ் ஒரு தையல் கடை மாடியில் இருக்கிறது. இப்படிப் போகிறது. அன்றைக்கே விலை சரிந்தது. எனக்கு வந்த படபடப்பில், ஒரு கிலோ பச்சை நூல் கேட்டவருக்குச் சிவப்பைக் கட்டிக் கொடுத்தேன்.

அவன் ஏன் இப்படிச் செய்கிறான் என்பதைப் பானுதான் போனில் விளக்கினாள். அதை நான் உங்கள் அத்தைக்கு விளக்கினேன். பக்கத்து வீட்டில் ஒரு புடவையை இரவல் வாங்குவது, அதை விற்றுவிடுவது, பிறகு அந்தப் புடவையைப் பற்றி ஊரெல்லாம் குறை சொல்வது, விலை இறங்கியதும் அதே மாதிரி இன்னொன்றை மலிவாக வாங்கி மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவது, நடுவில் நிற்பதுதான் லாபம் என்றேன். உங்கள் அத்தை, "குடுக்கறாளே, அவ எதுக்குக் குடுக்கறா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

என் கடையில் இரண்டு பெஞ்சு உண்டு. அந்த வாரம் முழுக்க வியாபாரம் ஒன்றும் இல்லை, பேச்சுதான். துரைக்கண்ணுவுக்குப் பென்ஷன் வருகிறது என்பதால் எங்களில் அவருக்குத்தான் தைரியம் அதிகம்.

"வந்தவாசி எந்த மாவட்டம்?" என்றார்.

"திருவண்ணாமல" என்றான் பழனி.

"இவன் இன்னா போட்டுகிறான் பாரு. வேலூர்னு போட்டுகிறான். மாவட்டமே தெரியாதவன் மாந்தளிரப் பத்திப் பேச வந்துட்டான்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த மத்தியானம் முழுக்க வேலூர் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். சாயங்காலம்தான் ஒன்று தோன்றியது. பானுவின் கல்யாணப் பத்திரிகையில் மண்டபம் இருக்கும் தெருவின் பெயரை நான் தப்பாக அச்சடித்தேன். அதற்காகக் கல்யாணம் நடக்காமல் போய்விடவில்லையே. நீங்கள் சரியான இடத்துக்கு வந்து தாலி கட்டினீர்கள். ஒரு விலாசம் தப்பானால் விஷயம் முழுவதும் தப்பு என்று ஆகிவிடாது. இதை நான் துரைக்கண்ணுவிடம் சொல்லவில்லை. என் நிம்மதிதான் போய்விட்டது, அவருடையதாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"ஆடிட்டர் ஆபீசு தையக்கட மாடியிலகீதாமே?" என்றான் பழனி.

"இருந்தா இன்னா? ஜவுளி கம்பெனிதான? தையக்கட பக்கத்துல இருக்கறதுதான் நல்லது" என்றார் துரைக்கண்ணு.

சிவகுமாரும் பெஞ்சில் இருந்தார். சிவகுமாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பழனி நெய்த புடவையை வாங்குகிறவர் அவர்தான். வாங்கும்போது வெளிச்சத்தில் பிரித்துப் பிடிப்பார், இங்கே இழை அறுந்திருக்கிறது, இங்கே சாயம் ஏறி இறங்கியிருக்கிறது என்பார், அதற்குக் கூலியில் பிடிப்பார். எங்கள் ஊரில் இது நடக்காத நாள் இல்லை. பழனி அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசினான்.

"இவன் கொக்கு இல்லணா, இவன் நம்ம சிவகுமாரு. கொற சொன்னா அவனுக்குத் துட்டு. கொற சொல்றவன் பேச்ச எவன் நம்புவான்?"

சிவகுமாருக்குக் கோபம் வரவில்லை. "நான் கொற சொன்னா எனக்கு லாபம்தான், இல்லன்னு சொல்லல. அதுக்காக அந்தப் பொடவையில அறுந்த இழ தானா ஒட்டிக்குமா பழனி?"

"அறுவாதப்பவும் அறுந்துச்சின்னு சொல்லிகீறியே."

சிவகுமார் டீயைக் குடித்து முடித்தார். "அதுவும் உண்டு" என்றார்.

மாப்பிள்ளை, அறுபது பக்கத்தில் புரியாதது இந்த இரண்டு பேச்சில் எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. குறை சொல்கிறவனுக்கு லாபம் இருக்கிறது என்பதால் குறை பொய்யாகிவிடாது, மெய்யாகவும் ஆகிவிடாது. புடவையைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் புடவை பெஞ்சில் கிடக்கிறது, கம்பெனியை எங்கே போய்ப் பிரிப்பது?

இதற்குள் மாந்தளிர்காரர்கள் பேப்பரில் முழுப்பக்கத்துக்கு மறுப்பு வெளியிட்டார்கள். மேல் பாதியில், கொக்கு சொல்வது அத்தனையும் ஆதாரமற்றது, வழக்குப் போடுவோம் என்று இருந்தது. கீழ்ப் பாதியில் ஆடித் தள்ளுபடி. ஒரே பக்கத்தில் இரண்டையும் முடித்துக்கொண்டார்களே என்று எனக்குச் சந்தேகமும் வந்தது, சிக்கனக்காரர்கள் என்று கொஞ்சம் நம்பிக்கையும் வந்தது. துரைக்கண்ணுதான், "இங்க ஒக்காந்து பேசிகினு இருந்தா ஆவாது. கொக்கு ஆளு வந்து பாத்தான்னா நம்ம ஆளும் போயி பாக்கலாம். வந்தவாசி இன்னா அமெரிக்காலயா கீது?" என்றார். ஆக, போன வெள்ளிக்கிழமை நாங்கள் நாலு பேரும் வந்தவாசிக் கடையைப் பார்க்கக் கிளம்பினோம். சிவகுமாரிடம் கார் இருக்கிறது. ஆனால் காரில் இறங்கினால் கடைக்காரன் உஷாராகிவிடுவான், சாதாரண ஜனமாகப் போகவேண்டும் என்று அவரே சொன்னதால் பஸ்ஸில் போனோம். ஆடி வெள்ளி, பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பெரணமல்லூரில் ஏறிய ஒருவர் என் கால்மேல் நின்றுகொண்டே வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் வெறும் பை. கண்டக்டரிடம், "மாந்தளிர் கடையாண்ட எறக்கி உடுங்க" என்றார். நான் பழனியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். கஸ்டமர். கஸ்டமரே இல்லை என்று கொக்கு சொன்னானே, அந்தக் கஸ்டமர் என் கால்மேலேயே நிற்கிறார்.

கடைக்குள் போனால், மாப்பிள்ளை, கூட்டம். எள் போட்டால் விழாது என்று சொல்லமாட்டேன், ஆனால் நாலு பேரும் ஒன்றாக நிற்க இடமில்லை. வேட்டிப் பக்கம் ஆட்கள், சுடிதார் பக்கம் ஆட்கள், பட்டுப் பிரிவில் மெத்தை முழுக்க ஆட்கள். துரைக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போனை உயர்த்திப் படம் எடுத்தார். "வந்தவாசி மாந்தளிர், இன்று, நேரில் கண்டது. கொக்கின் பொய் முகம் கிழிந்தது" என்று எழுதித் தனக்குத் தெரிந்த எல்லாக் குரூப்பிலும் போட்டுவிட்டார்.

சும்மா நிற்கக் கூடாதே என்று பட்டுப் பிரிவில் உட்கார்ந்தோம். அந்தப் பெண் ஒரு புடவையை எடுத்துப் போட்டாள். பழனி அதை வாங்கிய கையோடு திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தான். அந்தப் பெண் சிரித்தாள்.

"ஆரணிங்களா, தேவிகாபுரமா?"

"எப்டிம்மா கண்டுபுடிச்ச?" என்றான் பழனி.

"கட்டறவங்க முந்தானையப் பாப்பாங்கண்ணா. நெய்றவங்கதான் மொதல்ல முதுகப் பாப்பாங்க."

நாங்கள் மாறுவேடத்தில் வந்த லட்சணம் இது. போதாததற்குச் சிவகுமாருக்குப் பழக்கதோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "ஜரிக கம்மியாகீதே, பார்டர்ல ஒரு எடத்துல நெருக்கமா ஒரு எடத்துல தளர்வாகீதே" என்று குறை சொல்ல ஆரம்பித்தார். அவள், "ஃபிக்ஸட் ரேட்டு சார்" என்றாள். தன்னுடைய கம்பெனியின் புடவையைத் தானே மட்டம் தட்டுகிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பரிகாரமாக ஒரு துண்டு வாங்கினார். துரைக்கண்ணு கைக்குட்டை வாங்கினார். நான் ஒரு பனியன் வாங்கினேன், அளவு சரியில்லை. பழனி மட்டும் எதுவும் வாங்காமல் படியோரம் நின்றுகொண்டு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது பங்குச் சந்தை மூடுகிற நேரம். நான் வழக்கம்போல் போனை எடுத்து விலை பார்த்தேன். பார்த்துவிட்டு நிமிர்ந்தால், வேட்டிப் பக்கம் நின்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுடிதார் பக்கம் இருந்த அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் போனைப் பார்க்கிறார். மெத்தையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் மடியில் புடவையை வைத்துக்கொண்டு போனைப் பார்க்கிறார்கள். கடையே கோயில் நடை சாத்தின மாதிரி அமைதியாகிவிட்டது. என் பக்கத்தில் இருந்தவருடைய போனில் என் போனில் இருக்கிற அதே மாந்தளிர், அதே பச்சைக் கோடு. அவர் வேறு யாருமில்லை, பெரணமல்லூரில் ஏறி என் கால்மேல் நின்றவர்.

"நீங்களும் வெச்சிருக்கீங்களா?" என்றார் மெதுவாக.

"கொஞ்சம்" என்றேன். "நீங்க?"

"எங்க உரக்கடைக்கு வர்றவங்க மொத்த பேரும். போயி பாத்துட்டு வாய்யான்னு என்ன அனுப்பனாங்க. நல்ல கூட்டம், இல்ல?"

மூக்குக்கண்ணாடி அம்மா தேசூரிலிருந்து வந்த டீச்சர். அவர்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள், சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இவர் பெயர் வந்திருக்கிறது. போளூரிலிருந்து ஒரு குரூப், செய்யாறிலிருந்து ஒரு குரூப். எல்லோர் கையிலும் ஒரு சின்னப் பை, பைக்குள் கைக்குட்டையோ துண்டோ. ஒருவரை ஒருவர் கஸ்டமர் என்று எண்ணி எல்லோருமே ஊருக்கு நல்ல சேதி அனுப்பியாயிற்று. படியோரம் நின்ற பழனி வந்து என் காதில் சொன்னான். "ணா, ஒரு கல்யாண வீட்டுக்காரங்க வந்தாங்க. பொண்ணு, அம்மா, பெரியம்மா. எட்டிப் பாத்துட்டு, ரொம்ப கூட்டமாகீது, வேற கடைக்குப் போலாம்னு பூட்டாங்க."

உண்மையாக வாங்க வந்தவர்கள் அவர்கள்தான்.

திரும்பி வர பஸ் ஏறினோம். பாதி வழியில் என் போனில் ஒரு படம் வந்தது. கற்பகத்தின் தம்பி காஞ்சிபுரத்திலிருந்து அனுப்பியிருந்தான். "மச்சான், கவலையை விடுங்க, நேரடி ஆதாரம்" என்று எழுதி, வந்தவாசிக் கடைக் கூட்டத்தின் படம். துரைக்கண்ணு எடுத்ததுதான். படத்தின் நடுவில் நன்றாகத் தெரிந்தது என் முதுகு. என் முதுகைப் பார்த்து எனக்கே தைரியம் சொல்கிறார்கள். அதைவிட மோசம் என்னவென்றால், அரை நிமிஷம் எனக்குத் தைரியம் வரவும் செய்தது.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மற்ற இருவரும் போய்விட்டார்கள். பழனி நின்றான்.

"ணா, சரண்யாக்கு அடுத்த வெள்ளிக்குள்ள ஃபீஸ் கட்டணும். வித்துடட்டுமா, இருக்கட்டுமா? நீ சொன்னா அதான்."

இருக்கட்டும் பழனி, கொக்கு நாலு நாள் கத்தும், பிறகு ஏறும் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னது என் அறிவா, என்னிடம் இருக்கும் மாந்தளிரா என்று அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை. விற்கச் சொன்னால் நான் தப்பாகச் சொன்னேன் என்று ஆகிவிடும், தெருவில் என் பேச்சு போய்விடும், அதற்கும் மேல் உங்கள் பேச்சு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை சொல்றேன் என்று தப்பித்து வந்தேன்.

சனிக்கிழமை கடையைத் திறந்து வைத்துக்கொண்டு கொக்கின் அறிக்கையை முதலிலிருந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் ஒரு வரி, அதில் இங்கிலீஷில் ஷார்ட் என்று இருந்ததைப் போன் "நாங்கள் இந்தப் பங்கில் குட்டையாக நிற்கிறோம்" என்று தமிழ் செய்திருந்ததால் அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டிருந்தோம். பானுவிடம் கேட்டேன். விலை இறங்கினால் எங்களுக்கு லாபம், அதை மனதில் வைத்துப் படியுங்கள் என்று அர்த்தமாம். எனக்குச் சுருக்கென்றது. அவன் எங்கிருந்தோ வந்தவன், பிழைப்புக்காகக் குறை சொல்கிறவன், அவனே முதல் பக்கத்தில் தன் லாபம் எந்தப் பக்கம் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை எழுதுகிறான். பழனிக்கு நான் அப்படி ஒரு முதல் பக்கம் வைக்கவே இல்லை. அவனுடைய ஆராய்ச்சி அறுபது பக்கம், என்னுடையது இரண்டாவது வடை நேரம். இதற்காக அவன் யோக்கியன் என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பொய் சொல்கிறவனும் உண்டு. ஆனால் அவனை எதைக் கொண்டு எடை போடுவது என்று அவனே ஒரு படிக்கல்லைக் கையில் கொடுத்திருக்கிறான். நான் அதையும் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழனியிடம் போய் இதைச் சொன்னேன். நான் வைத்திருக்கிறேன், அதனால் என் வாய் ஏறும் ஏறும் என்றுதான் சொல்லும், அதைக் கழித்துக்கொண்டு கேள் என்றேன். அவன் தறியில் உட்கார்ந்தபடியே கேட்டான்.

"அப்போ நீ மொதல்ல வித்துட்டு வாணா. வித்துட்டு வந்து சொல்லு, கேட்டுக்கறேன்."

நியாயமான பேச்சு. நேற்று காலை சந்தை திறந்ததும் என்னுடையது அத்தனையும் விற்றேன். மாப்பிள்ளை சொல்லி வாங்கியதை மாப்பிள்ளையைக் கேட்காமல் விற்கலாமா என்று உங்கள் அத்தைகூடத் தடுத்தாள். நஷ்டம்தான், அதை விடுங்கள். இனி எனக்கு ஆசையும் இல்லை, பயமும் இல்லை, பழனிக்கு யோக்கியமாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டேன். கிளம்புவதற்கு முன் ஒரு தடவை விலையைப் பார்த்தேன். ஏறியிருந்தது. மாப்பிள்ளை, எனக்கு எரிந்தது பாருங்கள். இறங்கித் தொலையேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கொக்கு சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. வேலூர் என்று போட்டானே, பழைய வட ஆற்காட்டில் எல்லாம் ஒன்றுதானே, அவன் சரியாகத்தான் போட்டான் என்றுகூடத் தோன்றியது.

"நேத்து வரைக்கும் ஏறனா சிரிச்சிகினு இருந்த, இன்னிக்கி ஏறனா உறுமற. ஷேரா வித்த, புத்தியையா?" என்றாள் உங்கள் அத்தை.

அப்படியே போய்ப் பழனியிடம் அதையும் சொன்னேன். நடுநிலையாக ஒரு வார்த்தை சொல்லத்தான் விற்றேன், விற்றதும் நான் கொக்காகிவிட்டேன், என் வாய் இப்போது இறங்கும் இறங்கும் என்கிறது. பழனி தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"வெச்சிருக்கறவன் பேச்சும் ஆவாது, வித்தவன் பேச்சும் ஆவாது. வாங்காதவனத்தான் கேக்கணும். வாங்காதவனுக்கு மாந்தளிர்னா மாங்கா எலதான?"

உள்ளேயிருந்து அவன் மனைவி தமிழ்ச்செல்வி வந்தாள். "ஏண்ணா, வந்தவாசி வரைக்கும் போயி கடையில எத்தினி பேருன்னு பாத்துட்டு வந்தீங்களே, காலேஜிக்கு ஒரு போனு போட்டு, கடைசித் தேதி தள்ளுவாங்களான்னு யாராவது கேட்டீங்களா? நான் கேட்டேன். தள்ளமாட்டாங்களாம். கம்பெனி நல்லதோ கெட்டதோ, அந்த காலேஜிக்கு அதெல்லாம் தெரியாது."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. ஃபீஸுக்கு வேண்டிய அளவு மட்டும் பழனி விற்றான். இந்தத் தடவை கட்டைவிரலை அவனே அழுத்தினான், நான் பக்கத்தில் நின்றேன். மீதி கொஞ்சம் அப்படியே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றான். நஷ்டத்தை நான் தருகிறேன் பழனி, நான் சொல்லித்தானே வாங்கினாய் என்றேன்.

"ஏறியிருந்தா பாதி உனக்குக் குடுத்துருப்பனா?" என்றான்.

"குடுத்துருக்க மாட்ட."

"அப்பறம் இன்னா? போணா, போயி கடையத் தொற."

சரண்யாவுக்கு வரும் வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டிவிடுவார்கள். எனக்கு அந்த ஒன்று போதும். ஆகவே மாப்பிள்ளை, உங்கள் பேரில் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. பங்கு, பங்குச் சந்தை, கொக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டேன். இனி நூல் உண்டு, நான் உண்டு. ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த பொங்கலுக்கு வரும்போது எந்தக் கம்பெனியைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், வடை தாராளமாக உண்டு. ஆனால் பேச்சை ஆரம்பிக்கும்போதே, நான் வைத்திருக்கிறேன் மாமா என்றோ, விற்றுவிட்டேன் மாமா என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். நான் அதற்குத் தகுந்தாற்போல் காதைத் திருப்பிக்கொள்கிறேன். இப்போது மாந்தளிரை வைத்திருக்கிறீர்களா இல்லையா என்றும், சங்கடமில்லை என்றால், இரண்டு வரி எழுதவும்.

பானுவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் சித்தப்பாவுக்கும் சொல்லவும், ரசக்கறை போயிற்றா என்று பழனி கேட்டதாகவும் சொல்லவும். ஆரணி அம்மன்கள் எல்லோரும் உங்கள் இருவரையும் நல்லபடி வைத்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு,

உங்கள் அன்புள்ள மாமனார்,
குமரேசன்

பின்குறிப்பு: இதை நேற்று எழுதி முடித்துக் கூரியர் கடைக்குக் கொண்டுபோனேன். மூடிவிட்டிருந்தார்கள். இன்று புதன்கிழமை காலை மாந்தளிரைத் திரும்ப வாங்கிவிட்டேன், விற்றதைவிடக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு. உங்கள் அத்தைக்கு இன்னும் தெரியாது. பழனிக்குத் தெரியும். தெருவில் யார் கேட்டாலும், நான் வைத்திருக்கிறேன் என்று சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்கிறேன், ஆரம்பித்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். எனவே மேலே உள்ள கடிதம் முழுவதும், பங்கை விற்றிருந்த ஒருவன் எழுதியது என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்றபடி கழித்துப் படிக்கவும். வந்தவாசிக் கடையில் அன்றைக்கு உண்மையிலேயே வாங்க வந்தவர்கள் இன்னும் பலபேர் இருந்தார்கள் என்றுதான் இப்போது எனக்கு ஞாபகம்.